ஒற்றைக் கூட்டல் குறியும் பார்ஸ்இன்ட்டும் ஒன்றல்ல

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் சரத்தை, அதாவது மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடரை, எண்ணாக மாற்றுவது பற்றி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "சரத்துக்கு முன்னால் ஒரு + போட்டால் போதும், பார்ஸ்இன்ட் (parseInt, சரத்திலிருந்து முழு எண்ணை எடுக்கும் செயற்கூறு) செய்வதும் அதேதான்." உண்மையில் அப்படி இல்லை.

+"12.5" என்றால் 12.5 கிடைக்கும். பார்ஸ்இன்ட் 12-ஓடு நிறுத்திவிடும். +"12 ரூபாய்" என்று கொடுத்தால் நேன், அதாவது 'எண் அல்ல'. பார்ஸ்இன்ட் முன்னால் இருக்கும் 12-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. "1,500" கொடுத்துப் பாருங்கள்: + நேன் தரும், பார்ஸ்இன்ட் சத்தமே இல்லாமல் 1 தரும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பில் ஒரு ரூபாய் ஆகிவிடும்!

அதற்காக + தான் பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். +"" என்பதன் விடை 0. வெறும் இடைவெளி மட்டும் உள்ள சரத்துக்கும் 0 தான். நான் எழுதிய ஒரு படிவத்தில் எண்ணிக்கைப் பெட்டியைக் காலியாக விட்டவர்களின் ஆர்டரெல்லாம் பூஜ்யமாகப் பதிவானது. பிழைச் செய்தி எதுவும் வராததால் கண்டுபிடிக்க அரை நாள் போனது. இந்த இடத்தில் பார்ஸ்இன்ட் நேன் தந்திருக்கும்.

+ உண்மையில் ஒத்துப்போவது, மதிப்பை எண்ணாக மாற்றும் இன்னொரு செயற்கூறான நம்பர்() உடன்தான். அதிலும் பிக்இன்ட் (மிகப் பெரிய முழு எண்களுக்கான தனி வகை) விதிவிலக்கு: நம்பர்() அதை மாற்றிக் கொடுக்கும், + டைப்எரர் என்ற பிழையை வீசும்.

அப்புறம், 5 + +"3" என்பதில் நடுவில் உள்ள இடைவெளியை விட்டுவிடாதீர்கள். ஒட்டி எழுதினால் ++ ஆகி, நிரல் ஓடவே ஓடாது.