கிறிஸ் மேட்சன்: பேரேடு எழுதத் தெரிந்த மார்ஷல்

அமெரிக்காவின் ஓக்லஹோமா பகுதியின் பழைய சட்டக் காவலர்கள் என்றாலே பில் டில்மன், ஹெக் தாமஸ், கிறிஸ் மேட்சன் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மூன்றாமவர் டென்மார்க்கின் ஃபூன் தீவில் 1851இல் பிறந்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் துப்பாக்கிச் சண்டையிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. அந்த ஆளை அந்த வேலையில் நிலைக்க வைத்தது அவருடைய கணக்குப் புத்தி.

முதலில் அந்த வேலைக்கு எப்படிக் காசு வந்தது என்று பாருங்கள். மார்ஷல் என்பவர் கூட்டாட்சி நீதிமன்றத்தின் காவல் அதிகாரி; அவருக்குக் கீழே களத்தில் இறங்குபவர் டெபுடி மார்ஷல். 1896 வரை டெபுடி மார்ஷலுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கூட்டாட்சிச் சட்டப்படி வேலைக்கு வேலை கட்டணம்தான். ஒரு கைதுக்கு 2 டாலர். பிடிக்கப் போகும் வழிக்கு மைலுக்கு 6 சென்ட், கைதியோடு திரும்பும் வழிக்கு மைலுக்கு 10 சென்ட். 100 மைல் தள்ளி இருக்கும் ஒருவனைப் பிடித்துவந்தால் 6, 10, 2 சேர்த்து 18 டாலர். அதில் கால்பங்கை மேலே இருக்கும் மார்ஷல் எடுத்துக்கொள்வார் என்று வைத்தால் கையில் நிற்பது 13.50. நாளுக்கு 30 மைல் குதிரை ஓடினாலும் போக வர ஒரு வாரம். குதிரைக்குத் தீனி, தனக்குச் சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். ஆள் அகப்படாமல் வெறுங்கையோடு திரும்பினால் அந்த வாரம் முழுக்க நஷ்டம். ஆள் செத்துப்போனால் கட்டணம் போய்விடும். உறவினர் யாரும் வராவிட்டால் புதைக்கும் செலவும் டெபுடி தலையில் விழக்கூடும். உயிரோடு கொண்டுவர ஏன் அத்தனை பாடுபட்டார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் காசும் உடனே வராது. வாரன்டின் பின்பக்கத்தில் அது எந்தத் தேதி, எந்த இடத்தில் சார்வு செய்யப்பட்டது (அதாவது உரியவர்மேல் நிறைவேற்றப்பட்டது), எத்தனை மைல் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்று வாஷிங்டனுக்குத் தணிக்கைக்குப் போகும். தேதி ஒன்று தவறியிருந்தாலும், ஒரே பயணத்தில் சார்வு செய்த பல வாரன்டுகளுக்குப் பயணப்படியைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தாலும் அந்தத் தொகையை வெட்டிவிடுவார்கள். பணம் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அந்தப் பணத்துக்கான வவுச்சரைக் கழிவு கொடுத்துக் கடைக்காரரிடம் விற்றவர்களும் உண்டு. மார்ஷல் அலுவலகத்துக்குக் குறிபார்த்துச் சுடுகிறவனைவிட இந்தக் காகிதங்களைச் சரியாக எழுதுகிறவன் கிடைப்பதுதான் அரிதாக இருந்தது.

மேட்சன் அங்கே வந்தது 1891இல். அதற்கு முன் 1876 ஜனவரியிலிருந்து 15 ஆண்டுகள் அமெரிக்க ராணுவத்தின் ஐந்தாம் குதிரைப்படையில் இருந்தவர்; கடைசியில் ஃபோர்ட் ரீனோவில் தளவாடப் பொறுப்புச் சார்ஜென்ட். தீவனம், சேணம், ரேஷன், லாயம் என்று எல்லாவற்றுக்கும் இருப்புக் கணக்கு வைத்துப் பழகிய கை. வில்லியம் கிரைம்ஸ் மார்ஷலாக இருந்தபோது எல் ரீனோவில் டெபுடியாகச் சேர்ந்தார். பிறகு தலைமை டெபுடியாக அலுவலகத்தையே நடத்தினார்.

ஷெரிஃபையும் மார்ஷலையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது; கவுண்டி ஷெரிஃப் உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். சிறைக்கூடம், சம்மன், ஜப்தி, ஏலம் எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய அதிகாரம் கவுண்டி எல்லையோடு முடியும். 1892 நவம்பர் 1இல் கான்சாஸின் ஸ்பியர்வில் வங்கியில் கொள்ளை நடந்தது. ஃபோர்ட் கவுண்டி ஷெரிஃப் சாக் பீசன் துப்புத் துலக்கிக்கொண்டு ஓக்லஹோமாவின் ஆர்லாண்டோ வரை வந்தார். அங்கே உள்ளூர் அதிகாரிகளைச் சேர்த்துக்கொண்டுதான் கொள்ளையரில் ஒருவனான ஓலி யான்டிஸை நெருங்க முடிந்தது. டெபுடி மார்ஷலுக்குக் கவுண்டி எல்லை தடையில்லை. ஆனால் அவர் கையில் இருந்தவை கூட்டாட்சிக் குற்றங்கள் மட்டுமே: பூர்வகுடி நிலத்தில் சாராய விற்பனை, மரத் திருட்டு, தபால் கொள்ளை. அன்றாட வழக்குகளில் பெரும்பங்கு சாராயமும் மரமும்தான். வங்கிக் கொள்ளையர்களும் ரயில் கொள்ளையர்களும் எப்போதாவதுதான்.

இனி பலர் தொடத் தயங்கும் பகுதி. தான் டென்மார்க் படையிலும் பிரெஞ்சு அந்நியர் படையிலும் போர் செய்ததாக மேட்சன் சொல்லிவந்தார். டென்மார்க் ஆவணங்கள் வேறு சொல்கின்றன. மோசடி, பிச்சை, நாடோடித் திரிதல் ஆகியவற்றுக்காகத் திரும்பத் திரும்பத் தண்டனை பெற்றவர் அவர். அங்குள்ள அதிகாரிகளே கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். இது தெரிந்ததும் சிலர் அவருடைய ஓக்லஹோமா வேலையையே பொய் என்கிறார்கள், சிலர் டென்மார்க் பக்கத்தையே மூடி மறைக்கிறார்கள். இரண்டும் தவறு என்பேன். டென்மார்க்கின் பதிவேட்டை நம்புகிற நாம் ஓக்லஹோமாவின் நீதிமன்றப் பதிவேட்டையும் நம்பித்தான் ஆக வேண்டும். அவர் வாயால் சொன்ன போர்க்கதைகளை மட்டும் தள்ளிவைத்தால் போதும்.

1898இல் ஸ்பெயினுடனான போருக்குத் திரட்டிய தன்னார்வக் குதிரைப்படையான ரூஸ்வெல்ட்டின் ரஃப் ரைடர்ஸில் 47 வயதில் சேர்ந்தபோதும் அவருக்குக் கொடுத்தது தளவாடப் பொறுப்புத்தான். 1911இல் சிறிது காலம் ஓக்லஹோமாவின் மார்ஷல் பதவியிலேயே அமர்த்தினார்கள். 1944 ஜனவரி 9இல் ஓக்லஹோமாவின் கத்ரி நகரில் இறந்தபோது வயது 92. டில்மனும் தாமஸும் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.