பசுங்கணிகத்தின் வெளிச்சவ்வு வெறும் உறையா?

செடியின் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நிற நுண்ணுறுப்புதான் பசுங்கணிகம். "பசுங்கணிகத்துக்குச் சொந்த டி.என்.ஏ. இருக்கிறது, தேவையான புரதம் எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்ளும், வெளிச்சவ்வு சும்மா ஓர் உறை" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. டி.என்.ஏ. இருப்பது சரி, மீதி தவறு.

நிலத் தாவரங்களின் பசுங்கணிக டி.என்.ஏ.வில் சுமார் 80 புரதங்களுக்குத்தான் மரபணு உண்டு. உள்ளே வேலை செய்பவையோ இரண்டாயிரத்துக்கும் மேல். மற்றவற்றின் மரபணு உட்கருவில் இருக்கிறது, அவை சைட்டோபிளாசத்தில் தயாராகி, வெளிச்சவ்வைத் தாண்டித்தான் உள்ளே போயாக வேண்டும். அங்கே டாக்159, டாக்34 என்ற புரதங்கள் வருகிற புரதத்தின் முனையில் இருக்கும் முகவரித் துண்டைப் பிடித்துக்கொள்ள, டாக்75 அமைக்கும் துளை வழியாக அது நுழைகிறது. ரூபிஸ்கோவின் சிறிய துணையலகுகூட (ரூபிஸ்கோ, கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதி, அதன் ஒரு பகுதியே இப்படி வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது!) இந்த வழியில்தான் வருகிறது.

அப்புறம், பாஸ்பேட் பற்றாக்குறை வந்தால் பாஸ்போலிப்பிடுக்குப் (சவ்வுகளைக் கட்டும், பாஸ்பேட் உள்ள கொழுப்பு) பதிலாகச் செடி பயன்படுத்தும் கேலக்டோலிப்பிடைச் (பாஸ்பேட் இல்லாத கொழுப்பு) செய்யும் நொதிகளும் இதே சவ்வில் உண்டு. வெறும் உறைக்கு இவ்வளவு வேலையா?

யூனிப்ராட் (UniProt) என்ற புரதத் தரவுத்தளம் இலவசம். அதில் டாக்75 (TOC75) என்று தேடி, செல்லில் அது இருக்கும் இடத்தை நீங்களே பாருங்கள். அந்தப் படம் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் குழுக்களில் முக்கியமாக.