பாரித்தோ ஆற்றங்கரையின் பழைய கலப்பு

போர்னியோ தீவின் பழங்குடிகளான தயாக் மக்களின் மரபும் இஸ்லாமும் இணையத்தின் வரவால்தான் நெருங்கி வருகின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. அத்தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் பாரித்தோ ஆற்றங்கரையில் வாழும் பகும்பாய் மக்கள் தயாக்கரில் ஒரு பிரிவினரான ஙாஜு மக்களின் மொழிக்கு மிக நெருங்கிய மொழியைப் பேசிக்கொண்டே பல தலைமுறைகளாக முஸ்லிம்களாக இருந்து வருகிறார்கள். அதே தீவின் பல பகுதிகளில் இஸ்லாத்தைத் தழுவிய தயாக்கரை 'மலாய்க்காரராகிவிட்டார்' என்று சொல்லும் வழக்கமும் நெடுநாளாக உண்டு. மதம் மாறியவருக்கு இனப்பெயரும் மாறிவிடுவதுதான் இந்த வரலாற்றின் வேதனையான பகுதி என்று நான் கருதுகிறேன்.

இறந்தோரின் எலும்புகளை மீண்டும் எடுத்து, ஆன்மாவை மேலுலகுக்கு அனுப்பும் திவா சடங்கு, 1980இல் இந்து சமயத்தின் கிளையாக இந்தோனேசிய அரசு ஏற்றுக்கொண்ட கஹரிங்கான் என்னும் தயாக் பழஞ்சமயத்தைச் சேர்ந்தது. பன்றி பலியிடப்படும் அச்சடங்கிற்கு வரும் முஸ்லிம் உறவினர்களுக்கெனத் தனியே சமைத்துப் பரிமாறுவதில் இரு தரப்பின் நம்பிக்கையும் காக்கப்படுகிறது, உறவும் அறுபடுவதில்லை. ஆனால், கைப்பேசியில் சில நொடிக் காணொளியாகப் பரவும்போது பலியிடும் காட்சி மட்டுமே தெரிகிறது, அந்தத் தனி அடுப்பு தெரிவதில்லை. உறவுமுறை அறியாத தொலைவிலுள்ளவர்கள் அதைப் பார்த்து, அங்கு நின்ற முஸ்லிமின் ஈமானை, அதாவது இறைநம்பிக்கையை, எடைபோடுவது பெரும் அநீதி. ஆகவே, சடங்கைப் பதிவு செய்யும் தயாக் இளைஞர்கள் அந்த அடுப்பையும் அதைச் சுற்றி அமர்ந்திருக்கும் உறவினர்களையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.