டெல்லியை வேன் ஜன்னல் வழியாகப் பார்க்காதீர்கள்

ஹரித்வார் போகிற வழியில் சித்தப்பா குடும்பம் போன வாரம் டெல்லியில் ஒரு நாள் தங்கினார்கள். எனக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் டூர் வேனில் ஏறியவர்கள் ராத்திரி எட்டு மணிக்குக் கால் வீங்கி வந்து இறங்கினார்கள். "டெல்லி பூரா பாத்தாச்சுப்பா" என்றார் சித்தப்பா. செங்கோட்டை வாசல், இந்தியா கேட்டில் பத்து நிமிஷம், குதுப்மினார் முன்னால் ஒரு குரூப் போட்டோ. சித்திதான் மிச்சத்தைச் சொன்னார்: "ஒரு சேலைக் கடையில ஒன்றரை மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க." அந்தக் கடையில் யாருக்குக் கமிஷன் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் சொல்வது இதுதான்: ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் ஒரே ஒரு பேட்டையைப் பிடித்துக்கொண்டு நடங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். டெல்லி ஒரே ஊர் இல்லை. ஒவ்வொரு சுல்தானும் முந்தையவன் கட்டியது பிடிக்காமல் நாலு மைல் தள்ளிப் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்பது மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் மூன்றையும் பகல் பொழுதில் முடிக்கிற மாதிரி.

முதல் தடவை வருகிறவர்களை நான் மெஹ்ரோலிக்குத்தான் அனுப்புவேன். அதாவது குதுப்மினார் இருக்கிற இடம். 73 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து முடித்ததும், பக்கத்து மசூதியின் முன்சுவரில் இருக்கிற பெரிய வளைவுகளைக் கவனியுங்கள். 1199 வாக்கில் கட்டியது. வளைவு மாதிரி தெரியும், ஆனால் நிஜ வளைவு இல்லை. கட்டியவர்கள் உள்ளூர்க் கொத்தனார்கள். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நீட்டி அடுக்கித்தான் அவர்களுக்குப் பழக்கம். சுல்தான் கேட்ட வடிவத்தைத் தங்களுக்குத் தெரிந்த வித்தையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் வெளியே வந்து, பக்கத்திலேயே இருக்கிற தொல்லியல் பூங்காவுக்குள் நடங்கள். டூர் வேன் எதுவும் எட்டிப் பார்க்காத இடம். அங்கே கூரை இடிந்து கிடக்கிறது டெல்லி சுல்தான் பல்பனின் கல்லறை. அவர் இறந்தது 1287-இல். அதில் இருப்பது கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கி நிற்கிற அசல் வளைவு. இந்தியாவில் மிச்சமிருக்கிற அசல் வளைவுகளில் இதுதான் மூத்தது என்பார்கள். கொத்தனார்கள் தொண்ணூறு வருஷமாகக் கற்றுக்கொண்ட பாடத்தை நாம் கொஞ்ச தூரம் நடந்தே பார்த்துவிடலாம். இதை எந்த வேன் கைடும் சொல்லிக் கேட்டதில்லை.

அதே பூங்காவில் 1506-இல் கட்டிய படிக்கிணறு ஒன்று உண்டு, ராஜோன் கி பாவ்லி. படியில் உட்கார்ந்தால் புறா சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. ஒரு தடவை மத்தியானம் அங்கேயே தூங்கிவிட்டேன்.

செங்கோட்டையைப் பற்றிக் கசப்பாக ஒன்று சொல்லியாக வேண்டும். உள்ளே போனால் ஏமாற்றம்தான். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டு ராணுவத்துக்குப் பாரக் கட்டிவிட்டார்கள். வெளியிலிருந்தே மதிலைப் பார்த்துவிட்டு எதிரே சாந்தினி சௌக்கில் இறங்கிவிடலாம். ஷாஜகானின் மகள் ஜஹனாரா திட்டமிட்ட கடைத்தெரு. ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் ஒரு ஜைனக் கோயில், அதிலேயே பறவைகளுக்கு ஆஸ்பத்திரி, சிவன் கோயில், சீக்கியர்களின் குரு தேக் பகதூர் 1675-இல் உயிர்விட்ட இடத்தில் குருத்வாரா, கடைசியில் ஃபதேபுரி மசூதி. அதையும் தாண்டினால் காரி பாவ்லி மிளகாய் மண்டி. தும்மாமல் கடந்தவர் யாரும் இல்லை.

இந்தியா கேட் பக்கம் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. அகலமான ரோடு, புல்தரை, ஐஸ்கிரீம் வண்டி. ராத்திரி காற்று வாங்கலாம், சரி.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. கோட்லா என்றால் நமக்கெல்லாம் 1999-இல் கும்ப்ளே பத்து விக்கெட் எடுத்த மைதானம்தான் ஞாபகம் வரும். அந்த மைதானத்தை ஒட்டியே 1354-இல் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் கட்டிய கோட்டை சிதைந்து கிடக்கிறது. டெல்லி கேட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். அதன் உச்சியில் அசோகர் தூண். இன்றைய ஹரியானாவில் இருக்கிற தோப்ராவிலிருந்து பஞ்சு மெத்தைமேல் சாய்த்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகு கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்த எழுத்தைப் படிக்கப் பண்டிதர்களைக் கூப்பிட்டாராம் பெரோஸ் ஷா, ஒருவராலும் முடியவில்லை. 1837-இல்தான் ஆங்கிலேய அறிஞர் பிரின்செப் அந்த எழுத்தின் முடிச்சை அவிழ்த்தார். பிராமி எழுத்து. நம் மதுரைப் பக்கத்து மாங்குளம் குகையில் இருக்கிற தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துக்கு உறவுக்காரன்.

வியாழக்கிழமை போனால் வேறொரு காட்சி. இடிந்த அறைகளில் ஜின்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. ஜனங்கள் விளக்கேற்றி, ஊதுபத்தி கொளுத்தி, தங்கள் குறைகளை மனுவாக எழுதி மாடங்களில் வைக்கிறார்கள். ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மாடத்திலும் ஒன்று வைப்பவர்களும் உண்டு. இந்துக்களும் வருகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவதுதான் ஞாபகம் வந்தது.

ஹரித்வாரிலிருந்து திரும்பும்போது சித்தப்பாவுக்கு இங்கே அரை நாள் இருக்கிறது, அதுவும் வியாழக்கிழமை. போனில் இதையெல்லாம் சொன்னேன். "அது கிரவுண்டாச்சே, மேட்ச் எதும் இருக்கா?" என்றார் அவர். சித்தி போனை வாங்கி மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, அந்த மனுவைத் தமிழ்ல எழுதினா ஏத்துக்குவாங்களா?"