டபேதார் வீட்டுப் பிள்ளையும் கிருபாசனமும்

என் அப்பா முப்பத்தொரு வருடம் ஒரு கதவுக்கு வெளியே நின்று சம்பளம் வாங்கியவர். சேலம் கலெக்டர் ஆபீஸில் டபேதார். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. உள்ளே யார் போகலாம், யார் பெஞ்சில் உட்காரலாம், யார் வெளியே மரத்தடியில் நிற்கவேண்டும் என்று ஆளின் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். திங்கட்கிழமை காலையில் வாழப்பாடியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் மனுவோடு வந்து நிற்கிற கிழவிகளிடம் அவர் ஒருநாளும் கடுகடுத்ததில்லை. ஆனாலும் கதவு கதவுதான். கூப்பிட்டால்தான் போகவேண்டும். போனால் இரண்டு நிமிஷம். முதுகைக் காட்டாமல் வெளியே வரவேண்டும்.

ரிட்டயர் ஆகி இருபது வருடம் ஆகிறது. அந்த முதுகு மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. ஆலயத்தில் கடைசி பெஞ்சு. ஜெபத்துக்கு எழுந்து நின்றால் லேசாகக் குனிந்த தோள், கட்டிய கை. என் நினைவு தெரிந்து அவர் வாய்விட்டு ஜெபம் பண்ணி நான் கேட்டதே இல்லை.

போன மே மாதம் அவரை ஏற்காட்டில் ஒரு ரிட்ரீட்டுக்குக் கூட்டிப்போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். பயமா, ஜெபமா என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் மாலை, பனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் முடித்ததும், தலையில் கைவைத்து ஜெபிக்க வரிசை கட்டினார்கள். எழுபத்தொன்பது வயதில், முழங்கால் வலியோடு, அப்பா ஒரு மணி நேரம் அந்த வரிசையில் நின்றார். நான் போய், "எதுக்குப்பா இப்படி நிக்கறீங்க? ரூம்ல உக்காந்து நீங்களே ஜெபம் பண்ணலாமே" என்றேன். அவர் சொன்னது: "நான் சொன்னா எங்க பாப்பா எடுபடப்போவுது? அவரு சொன்னா ஆண்டவர் கேட்பாரு."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா மேல் கோபம் இல்லை. அறுபது வருடம் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போன ஒரு மனிதர் இந்த ஒரு வாக்கியத்தோடு வயதாகிவிட்டார் என்றால், நாம் அவருக்கு என்னத்தைத்தான் சொல்லிக்கொடுத்தோம்?

அன்றைய செய்தியிலேயே ஆரம்பிக்கிறேன். பிரதான ஆசாரியன் தேவாலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டி அனுப்புவார்களாம். உள்ளே செத்து விழுந்தால் வெளியே இழுக்க. இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து பத்துப் பேர் வாயிலாவது கேட்டிருப்பேன். வேதத்தில் இது எங்கேயும் இல்லை. பல நூற்றாண்டு கழித்து, இடைக்காலத்து யூத எழுத்தில் தலைகாட்டுகிற கதை. யாத்திராகமம் 28-ல் அங்கியின் ஓரத்து மணிகள் உண்டு, சரி. ஆனால் பாவநிவாரண நாளில் அவன் மணி அங்கியோடு போவதாகவும் இல்லை. லேவியராகமம் 16 அன்றைக்குச் சொல்வது சாதாரணச் சணல்நூல் உடுப்பு. யூதர்களின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா இன்னொன்று சொல்கிறது: அன்று அவன் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்வானாம், நேரமானால் வெளியே ஜனங்கள் பதறிவிடுவார்களே என்று. கயிற்றைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கயிற்றுக் கதையில் எனக்கு என்ன வருத்தம் என்றால், அதைச் சொல்லிவிட்டு, இயேசு மரித்தபோது அந்த உள்ளறையின் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்ததையும் ஒரு வரி சொல்லிவிட்டு, கடைசியில் "வாருங்கள், நான் உங்களுக்காக உள்ளே பேசுகிறேன்" என்பதுபோல வரிசை கட்டினால், கேட்டவன் மனதில் நிற்பது கயிறுதான். திரை அல்ல.

எபிரெயர் 4:16 நம் வீட்டுக் காலண்டரில்கூட இருக்கும். "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்." இதில் தமிழுக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டிக்கு மேல் வைத்த பொன் மூடிக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு வைத்த பெயரும் கிருபாசனம்தான். இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், வருடத்தில் ஒரே நாள், ஒரே ஆள், இரத்தத்தோடு. கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல். எபிரெயர் 4-ல் இருப்பது சிங்காசனம் என்று பொருள்படும் சொல். தமிழில் இரண்டும் ஒன்றாகிப்போனதால், நம் காதில் அந்த வசனம் இன்னும் பயங்கரமாக ஒலிக்கவேண்டும்: யாரும் கிட்டே போகமுடியாத அதே இடத்துக்கு, இப்போது எல்லாரும், எப்போது வேண்டுமானாலும், போகலாம். தெரிந்தோ தெரியாமலோ, மொழிபெயர்த்தவர்கள் நமக்கு ஒரு பிரசங்கத்தையே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"தைரியம்" என்ற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் பர்ரேசியா. ஏதென்ஸ் நகரத்தில் சுதந்திரக் குடிமகன் சபையில் எழுந்து, மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசுகிற உரிமைக்கு வழங்கிய சொல். அடிமைக்கு அது கிடையாது. ஆக அது நெஞ்சுரம் சம்பந்தப்பட்ட சங்கதி மட்டும் இல்லை, நீ யார் என்பது சம்பந்தப்பட்டது. என் அப்பா கோழை இல்லை. தான் யார் என்பதை அவருக்கு வேறு யாரோ முன்னாடியே சொல்லிவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

யார் சொல்லிவைத்தது என்று கேட்டால் கொஞ்சம் கசப்பான இடத்துக்குப் போகவேண்டியிருக்கும். என் கொள்ளுத்தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் செருப்போடு நடக்கமுடியாத தெருக்கள் இருந்தன. ஞானஸ்நானம் எடுத்தது அந்தத் தெருக்களிலிருந்து தப்பிக்கவும்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எருசலேம் தேவாலயத்திலும் புறஜாதியாருக்கு, அதாவது யூதரல்லாதவர்களுக்கு, ஓர் எல்லைச்சுவர் இருந்தது. இதைத் தாண்டுகிற அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய எச்சரிக்கைக் கல்லை 1871-ல் கண்டெடுத்தார்கள். இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசு பட்டணத்தான் ஒருவனை அந்த எல்லைக்குள் கூட்டிவந்தார் என்று சந்தேகப்பட்டுத்தான் பவுலைப் பிடித்தார்கள். அதை வைத்துக்கொண்டு எபேசியர் 2-ல் "பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்பதைப் படித்துப் பாருங்கள், வசனத்துக்குச் சூடு ஏறும்.

சுவரைத் தகர்த்தார், சரி. நாம் திரும்பக் கட்டினோமே! தெற்கே வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று ஆலயத்துக்குள்ளேயே சுவர் வைத்து, 1910-ல்தான் அதை இடித்தார்கள். அது பழங்கதை என்று நினைத்தால், எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்துப் பாருங்கள். "ரட்சிக்கப்பட்ட குடும்பமா" என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும். நம் தமிழ் வேதத்தில் 1 பேதுரு 2:9-ல் "பரிசுத்த ஜாதி" என்றே இருக்கிறது. அந்த ஒரு ஜாதியைத் தவிர மற்ற எல்லா ஜாதியையும் விசாரிக்கிறோம். அதே வசனத்தில் "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்" என்றும் இருக்கிறது. கூட்டம் என்றுதான் இருக்கிறது, மேடையில் இருக்கிற ஒருவர் என்று இல்லை.

அந்த நிருபத்தையும் எபிரெயரையும் படிக்கும்போது எனக்கு ஓர் ஊர்க்காரத் தமாஷ் நினைவுக்கு வரும். எபிரெயர் 7-ல் வருகிற மெல்கிசேதேக்கு என்ற ஆசாரியன் "சாலேமின் ராஜா". எங்கள் ஞாயிறு பள்ளி அக்கா, "பாத்தீங்களா, நம்ம ஊரு ராஜா" என்பார். நாங்களும் நம்பினோம். நம்ம சேலத்துக்குச் சேரலம், சைலம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்தச் சாலேமுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அக்கா விட்டுவிட்ட விஷயம் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது: ஆசாரியனாவதற்கு லேவி குலத்தில் பிறக்கவேண்டும், இயேசு பிறந்ததோ யூதா குலத்தில். குலத்தால் தகுதி இல்லாதவர்தான் நம்முடைய பிரதான ஆசாரியர். எபிரெயர் 7 முழுக்க இதைத்தான் வாதாடுகிறது. பிறப்பைக் காட்டி யாரையும் வாசலில் நிறுத்த அதற்கப்புறம் நமக்கு என்ன யோக்கியதை?

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சிலர் கமெண்டில் ஆமென் போட்டுவிட்டுத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே இப்போதே செய்யும், கட்டளையிடுகிறேன், உரிமை கோருகிறேன்" என்று நரம்பு புடைக்கக் கத்துவது தைரியம் இல்லை. அது மேலதிகாரியை மிரட்டுகிற யூனியன் பேச்சு. எபிரெயர் 4:16-க்கு முந்திய வசனமே நம்முடைய பலவீனங்களைப் பற்றித்தான் பேசுகிறது. இரக்கம் தேவைப்படுகிறவன்தான் அங்கே போகிறான். பெருமை அடிக்கப் போகிறவனுக்கு அங்கே என்ன வேலை. ஒளிக்காமல் பேசுவது என்றால் முறையிடுவதும் அதில் உண்டு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்ட சங்கீதக்காரனுக்கு இருந்ததும் தைரியம்தான். நம் ஆலயங்களில் அந்த மாதிரி ஒருவர் ஜெபித்தால் அவருக்கு விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுவோம்.

மற்றவரிடம் ஜெபிக்கச் சொல்வதும் தப்பில்லை. யாக்கோபு மூப்பர்களை வரவழைக்கத்தான் சொல்கிறார். நானே நாலு பேரிடம் சொல்லிவைக்கிறவள். ஆனால் துணைக்குக் கூப்பிடுவது வேறு, சிபாரிசுக்குக் கூப்பிடுவது வேறு.

கீழே இறங்கி வரும்போது அப்பா ஒரு கதை சொன்னார். பல வருஷத்துக்கு முந்தி ஒரு கலெக்டரின் மகள், நாலு வயசிருக்கும், ஒரு கால் செருப்போடு நேரே ஓடிவந்து, இவரைத் தாண்டி, மீட்டிங் நடக்கிற அறைக்குள் போய்விட்டதாம். "எம்.எல்.ஏ.வையே நிறுத்தியிருக்கேன். அந்தப் பிள்ளையத் தடுக்கக் கையே வரல பாப்பா." இதைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் பாதிதான் பொருந்தும். அந்தக் குழந்தைக்கு அது ஆபீஸ் என்றே தெரியாது. நாம் தெரிந்தே போகிறோம், வாசலில் சிந்தின இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே போகிறோம். "அப்பா பிதாவே" என்பதையும் மழலை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அரமாயிக்கில் வளர்ந்த பிள்ளைகளும் சொன்ன சொல் அது, நம்ம அப்பா மாதிரியே.

இதையெல்லாம் வளைவுக்கு ஒரு வரியாக அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அடிவாரம் வந்ததும், "நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் டீக்கடையில் நிறுத்தச் சொன்னார்.

நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பத்தியைப் படித்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டார்:

"பாஸ்டர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமில்ல பாப்பா?"