சுண்டைக்காய் கால் பணம்

ஸ்பெயினின் வலென்சியா நகரில் ஒன்றரை யூரோவுக்கு நல்ல காபி கிடைக்கும் என்றார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காபிக் கடைக்கு மேல்மாடியில் குடியேற என்ன விலை என்று ஒருவராவது வாய் திறந்தாரா?

வலென்சியாவைப் பற்றிய காணொளிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பழைய ஆற்றுப்படுகையில் நீண்டு கிடக்கும் பூங்கா, கடற்கரை, சந்தையில் ஆரஞ்சுக் குவியல், ஆண்டுக்கு முந்நூறு நாள் வெயில். கடைசியில் ஒருவர் பல் தெரியச் சிரித்து, "லண்டனில் வாடகைக்குப் போகும் பணத்தில் இங்கே ராஜ வாழ்க்கை" என்பார். வெளிநாட்டவர் வாழ உகந்த நகரங்கள் என்று 2022இல் வந்த ஒரு பட்டியலில் இந்த ஊருக்கு முதலிடம். அதைப் படித்துவிட்டு வந்த மந்தையில் நானும் ஓர் ஆடு. வெயிலைக் காட்டி என்னை மயக்கியிருக்க முடியாது, நான் வேலூர்க்காரன். 'மலிவு' என்ற ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

வீடு தேடும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நோமினா இருக்கிறதா?" உள்ளூர் நிறுவனம் தரும் சம்பளச் சீட்டுக்கு அதுதான் பெயர். எனக்குச் சம்பளம் தருவது வேறு நாட்டு நிறுவனம். அப்படி வேலை பார்ப்பவர்களுக்கென்றே இந்த நாடு 2023 முதல் தனி விசா கொடுக்கிறது. அரசாங்கமே ஏற்று முத்திரை குத்திய வருமானத்தை வீட்டுத் தரகர் ஏற்க மாட்டாராம்! சரி, வங்கிக் கணக்கைத் தொடங்கிக் காட்டலாம் என்று போனால் அங்கே முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு வங்கிக் கணக்கு வேண்டும். குடியிருப்புப் பதிவுக்கு, அதாவது பத்ரோனுக்கு, வாடகை ஒப்பந்தம் வேண்டும். அடையாள அட்டைக்குப் பத்ரோன் வேண்டும். கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமாகும் என்று பாட்டி சொல்லும்போது சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு வீடு அமைந்தது. ஐம்பத்தைந்து சதுர மீட்டர், மாதம் 1,150 யூரோ, பதினொரு மாத ஒப்பந்தம். ஏன் பதினொன்று? வழக்கமான குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் வாடகைக்காரர் விரும்பினால் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். தரகுக் கூலியை உரிமையாளரே கொடுக்க வேண்டும் என்று 2023இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் 'தற்காலிகத் தங்கல்' என்று ஒப்பந்தத்தின் தலைப்பை மாற்றிவிட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஆவியாகிவிடும். நான் படிக்க வந்த மாணவனும் இல்லை, மூன்று மாத வேலைக்கு வந்தவனும் இல்லை. இருந்தும், தற்காலிகமாகத்தான் தங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் போட்டிருப்பார். முன்பணம் இரண்டு மாதம், 'கூடுதல் உத்தரவாதம்' என்று இன்னும் இரண்டு மாதம், தரகருக்கு ஒரு மாத வாடகை, அதன்மேல் வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட வீட்டுக்காரரை அன்று என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறேன். ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களாவது கேட்பதை முதல் நாளே கேட்டீர்கள்.

அடுத்தது அந்த அடையாள அட்டைக்காக அரசு அலுவலகத்தில் நேரம் வாங்கும் முன்பதிவு. ஸ்பானிய மொழியில் அதன் பெயரின் முதல் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தால் சீதா என்று வரும். ராமனுக்கு ஒரு கடலைத் தாண்டினால் போதுமாக இருந்தது. நான் மூன்று வாரம் காலை எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து, 'தற்போது நேரம் ஒதுக்க இயலவில்லை' என்ற ஒரே வரியைத் தரிசித்துக்கொண்டிருந்தேன். நாட்டுக்குள் வந்து ஒரு மாதத்துக்குள் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. விதி விதித்தவர்கள் நாற்காலியைப் போட மறந்துவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்க வேண்டிய இந்த நேரங்களை மென்பொருளை வைத்து அள்ளி விலைக்கு விற்ற கும்பல்களைக் காவல் துறை பிடித்ததும் உண்டு. பிடித்த பிறகும் எனக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பெயர் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள்: ஒன்று தந்தை வழி, மற்றது தாய் வழி. நமக்கோ ஒரு பெயர், ஓர் இனிஷியல். இணையப் படிவம் ஒன்று இரண்டாவது பெட்டியை நிரப்பாமல் நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் என் பெயர் பின்னால் ஒதுங்கி, அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. வேலூரைத் தாண்டிச் சென்னைக்கு வரவே யோசிக்கும் மனிதரை ஸ்பெயினின் எல்லா அலுவலகங்களிலும் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன்.

ஓட்டுநர் உரிமம்? இந்திய உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ள முடியாது. ஆறு மாதம் கழிந்ததும் செல்லாது. பதினைந்து ஆண்டு லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவன், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஸ்பானிய மொழியில் தேர்வு எழுதப் போகிறேன்.

இவ்வளவு புலம்பிய என் வாயை மூட வைத்தவர், கீழ்த்தளத்தில் இருக்கும் அம்மாள். ரொட்டிக் கடையில் வேலை. அவருடைய முப்பத்திரண்டு வயது மகள் வாடகை கட்ட முடியாமல் திரும்பி வந்து, சிறு வயதில் படுத்த அதே அறையில் இருக்கிறாள். 2025இல் இந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 1,184 யூரோ, ஆண்டுக்கு 14 தவணை. என் வாடகையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். என் விசாவுக்கோ அந்த ஊதியத்தைப்போல் இரண்டு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். அதாவது, குறைந்தபட்ச ஊதியக்காரரைப்போல் இரண்டு மடங்கு சம்பாதிப்பவன்தான் வரலாம் என்று வடிகட்டி, அந்த மகள் தேடும் அதே வீட்டின் வாசலில் என்னைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். 2024 அக்டோபர் 19 அன்று வீட்டு வாடகைக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் இந்நகரத் தெருக்களில் இறங்கினார்கள். அதே மாதம் 29ஆம் தேதி வந்த வெள்ளம் சுற்றுவட்டார ஊர்களில் வீடுகளையே அடித்துக்கொண்டு போனது. இதற்குப் பிறகும் அந்தப் பல் தெரியும் மனிதர் புதுக் காணொளி போடுகிறார்: 'ஐரோப்பாவின் மலிவான சொர்க்கம்'. யாருக்கு மலிவு ஐயா? அந்த அம்மாளுக்கு இல்லை. எனக்கும் இல்லை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை தலைப்பை மாற்றிக் கையெழுத்து வாங்குகிறாரே என் வீட்டுக்காரர், அவருக்கு வேண்டுமானால் இருக்கலாம்.

நேற்று அவர்தான் தொலைபேசியில் அழைத்தார். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, இனி 1,300 என்றார். முடியாது என்றால் வேறு வீடு, வேறு முகவரி, மறுபடியும் பத்ரோன். நாளைக் காலை எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறக்க வேண்டும். நேரம் கிடைத்துவிட்டால், வழக்கம்போல் அப்பாவைக் கூப்பிடுவார்கள்.