புரொசசரை மாத்து, புரொசசரை மாத்து!

'பொட்டில்நெக்' (போத்தல் கழுத்து; கொம்பியூட்டரில் ஒரு பாகம் மெதுவாகி மற்றதையெல்லாம் தடுக்கிற இடுக்கு) என்ற சொல்லை இனி யாராவது என் முன்னால் சொன்னால், உண்மையான போத்தல் ஒன்றைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு துரத்துவேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா சிரிக்கிறார். அவருக்கென்ன, போன காசு என்னுடையது.

நான் இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பகல் முழுக்க ஊரார் கடன் கணக்குப் பார்க்கிற வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல் இரண்டு மணித்தியாலம் கொம்பியூட்டர் கேம். குடியில்லை, சிகரெட் இல்லை, இந்த ஒரு பழக்கம்தான். ரைசன் 5 5600 புரொசசர், 16 ஜிபி ரேம், கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த பாவித்த ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்ட். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறிய 2022இல் ஆசையைப் பொத்தி வைத்திருந்தேன். அது கொஞ்சம் இறங்கியபோது இந்தப் பக்கம் வற் வரி 18 சதவீதமாக ஏறியது. இதற்கெல்லாம் பொறுத்திருந்து கடைசியில் ஒரு 4கே மொனிட்டரும் வாங்கினேன்.

முதல் நாள் கண் நிறைந்துபோனது. புல்லில் நிற்கிற பனித்துளி வரைக்கும் தெரிந்தது. இருபது நிமிடம். அதற்கு மறுகா கேம் விக்கத் தொடங்கியது. குதிரை இரண்டு எட்டு வைக்கும், நிற்கும், திரும்ப ஓடும். அறுபதில் ஓடிய எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) முப்பதுக்கு விழும். மூடிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திறந்தால் நல்ல பிள்ளை மாதிரி ஓடும். மறுபடி இருபது நிமிடம், மறுபடி விக்கல்.

இந்தத் 'தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் சரியாகிறது' என்ற ஒன்றைக் கேட்டதுமே விளங்கியிருக்க வேண்டும். எனக்கும் விளங்கவில்லை, அது என் மடைத்தனம். ஆனால் நான் கணக்குப் பார்க்கிறவன். கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறவருக்கு விளங்க வேண்டாமா?

பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். கடைக்காரர் பக்கத்து மூடியைக் கூடத் திறக்கவில்லை. என்ன புரொசசர், என்ன கார்ட் என்று கேட்டார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். "5600க்கு 3080ஆ? அதுவும் 4கே மொனிட்டரா? தம்பி, இது பொட்டில்நெக். புரொசசரை மாத்தோணும்." அவ்வளவுதான் பரிசோதனை. நாடி பிடிக்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல், படலையில் நின்றபடியே மருந்து எழுதிக் கொடுக்கிற வைத்தியரை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

சரி, இன்னொருவரிடமும் கேட்போம் என்று காத்தான்குடியில் இருக்கிற கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். அவர் இணையத்தில் ஒரு 'பொட்டில்நெக் கணக்குப் பொறி'யில் என் சாமான்களின் பெயரைப் போட்டு, ஏதோ ஒரு சதவீதத்தைத் தசமப் புள்ளியோடு அனுப்பினார். தசமம் வந்துவிட்டால் நம்மவர்களுக்கு அது வேதவாக்கு. என்ன கேம் என்று அந்தப் பொறி கேட்கவில்லை. நிழலை எந்த அளவில் வைத்திருக்கிறாய், ரேம் என்ன வேகத்தில் ஓடுகிறது, உன் அறையில் எத்தனை பாகை வெயில், ஒன்றையும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்கள் உலவுகிற நகரத்தைக் கட்டும் கேமும், ஒரு சிறைக்கூடத்துக்குள் இரண்டு பேர் சுடுபடுகிற கேமும் அதற்கு ஒன்றுதான். கிளி சாத்திரக்காரன்கூடப் பிறந்த நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டுத்தான் சீட்டை எடுக்க விடுவான்.

இதில் எனக்கு மிகவும் கொதிக்கிற இடம் எது தெரியுமா? '4கே என்றால் பெரிய புரொசசர் வேண்டும்' என்ற அந்தப் பேச்சு. அது தலைகீழ்! 4கே திரையில் 3840 தர 2160, அதாவது ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள். பழைய 1080பி திரையில் 21 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சரியாக நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கு வேலையும் யாருடைய தலையில் விழுகிறது? கிராபிக்ஸ் கார்டின் தலையில். புரொசசர் செய்வது என்ன? எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்ந்தது, குதிரை எந்தப் பக்கம் கிறுகியது என்று கணக்குப் போட்டு, 'இதை வரை, அதை வரை' என்று கார்டுக்குக் கட்டளை கொடுப்பது. திரை பெரிதோ சிறிதோ, குதிரை ஒன்றுதான், எதிரி ஒருவன்தான். வரைகிறவனுக்குத்தான் சுவர் பெரிதாகிறது. அதனால் 4கேயில் புரொசசர் மூச்சுத் திணறுவது பொதுவாகக் குறையுமே தவிர அதிகரிக்காது. டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற வசதி) போட்டால் கதை கொஞ்சம் மாறும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 4கேயில் குவாலிட்டி வைத்தால் கார்ட் உள்ளே வரைவது இடைப்பட்ட 1440பி அளவில், பெர்போமன்ஸ் வைத்தால் வெறும் 1080பி அளவில். கார்டின் பாரம் குறைந்து எஃப்பிஎஸ் ஏற, புரொசசர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டி வரும். நான் அதைப் போடவே இல்லை. போட்டிருக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

இவ்வளவு சட்டம் பேசுகிறவன் அன்றைக்கு என்ன செய்தேன்? தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன். ரைசன் 7 5700எக்ஸ்3டி. 96 எம்பி எல்3 கேச் (புரொசசருக்குள்ளேயே இருக்கிற விரைவு நினைவகம்), கேமுக்கென்றே செய்த சாமான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாதச் சம்பளம் போய் அடுத்த மாதத்தையும் கொஞ்சம் கடித்தது. "இந்தப் பெட்டிக்கு இன்னும் எவ்வளவு கொட்டப்போறாய் மனே?" என்றார் அம்மா. இதோடு முடிந்தது என்று சத்தியம் செய்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். இருபது நிமிடம் நன்றாக ஓடியது. மறுகா விக்கல். பொய் சொல்லவில்லை, முந்தியதை விட மோசம், பதினைந்தாவது நிமிடத்திலேயே.

அன்றிரவு நித்திரை இல்லை. செத்தாலும் பரவாயில்லை, இனி அளந்து பார்க்காமல் ஒருவர் பேச்சையும் கேட்பதில்லை என்று இருந்துவிட்டேன். எம்எஸ்ஐ ஆப்டர்பேர்னர் என்ற மென்பொருளை இறக்கி, கார்டின் பாவனை, புரொசசரின் வேகம், வெப்பம், எஃப்பிஎஸ் நான்கையும் திரையின் மூலையில் எழுத வைத்தேன். ஒரு சதம் செலவில்லை. வீசிங்க்கை (எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு பூட்டி வைக்கிற அமைப்பை) நிறுத்தினேன். இதையும் சொல்ல வேண்டும். வீசிங்க் 60இல் பூட்டியிருந்தால் கார்ட் அறுபதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும், பாவனை 60 சதவீதம் என்று காட்டும். அதைப் படம் பிடித்து அனுப்பி 'கார்ட் வேலை செய்யுதில்ல, புரொசசர் பொட்டில்நெக்' என்று அழுகிறவர்கள் எத்தனை பேர்! விண்டோஸின் டாஸ்க் மனேஜர் காட்டுகிற புரொசசரின் மொத்தச் சதவீதமும் அப்படித்தான் ஆளை ஏமாற்றும். 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழை) உள்ள புரொசசரில் ஒரே ஒரு திரெட் முழு மூச்சாக ஓடித் திணறினாலும் மொத்தத்தில் அது 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். 'முப்பதுதான் காட்டுது, புரொசசருக்கு ஒண்டுமில்ல' என்று சொல்வதற்கும் இல்லை. சில கேம்கள் தாங்களே உண்மையைச் சொல்லிவிடும். மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைத் திறந்தால், இந்த நேரம் தடுப்பது புரொசசரில் ஓடுகிற மெயின் திரெட்டா கார்டா என்று எழுதியே காட்டும். என் குதிரைக் கேம் அவ்வளவு நேர்மையானது இல்லை.

ஓட விட்டேன். முதல் பத்து நிமிடம்: 4கேயில் எஃப்பிஎஸ் 62, கார்ட் 99 சதவீதம். அப்படியே 1080பிக்கு இறக்கினேன். 130ஐத் தாண்டியது. புள்ளிகளைக் குறைத்ததும் வேகம் கூடினால் தடை கார்டில் என்று பொருள். அதாவது எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் போனது இரண்டு நிமிடம். இதைச் செய்யத்தான் இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் நேரமில்லை.

4கேக்குத் திரும்பி, காத்திருந்தேன். பதினைந்தாம் நிமிடம் விக்கல் வந்தது. எஃப்பிஎஸ் 31. கார்டின் பாவனை பாதியாக விழுந்திருந்தது. இப்போது 1080பிக்கு இறக்கினேன். 32. அசையவில்லை. கார்டுக்கு வேலையைக் கால்வாசியாக்கிக் கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால், கார்ட் கட்டளைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரே சோதனை, ஒரே இரவு, இரண்டு விடை. அப்படியென்றால் கடைக்காரர் சொன்னது சரிதானா, புரொசசர்தானா என்று நெஞ்சு ஒருமுறை நின்றுதான் விட்டது. அப்போதுதான் மூலையில் இருந்த மற்ற எண்களைப் பார்த்தேன். வெப்பம் 90 பாகை. அதுதான் அந்தப் புரொசசரின் எல்லை. 4 கிகாஹேர்ட்ஸில் ஓட வேண்டியது 2க்கும் கீழே தவழ்ந்துகொண்டிருந்தது. வெந்து சாகாமல் இருக்கத் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொண்டிருக்கிறது, பாவம்.

கல்லடிப் பழைய பாலம் இருக்கிறதே, 1924இல் கட்டியது, ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகும். 2013இல் புதுப்பாலம் திறக்கும் வரைக்கும் இரண்டு கரையிலும் வரிசையில் காய்ந்தவர்கள் நாங்கள். இடுக்கு என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நாள் பாலத்தின் நடுவில் லொறி பழுதாகி நின்றதற்கு, 'பாலம் சின்னது, இடித்துப் புதுசாகக் கட்டு' என்று யாராவது சொன்னார்களா? லொறியைத் தள்ளினார்கள்.

பெட்டியின் மூடியைத் திறந்தேன். லொறி உள்ளேதான் நின்றது. பழைய 5600ஓடு பெட்டியில் வந்த சின்னக் கூலர், புரொசசரைக் குளிர்விக்கிற சாமான். அதன் ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றும், யோசிக்கும், நிற்கும். இதழ்களுக்கு இடையில் தலையணைப் பஞ்சு மாதிரித் தூசி. சன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் துருவேறுகிற கடற்காற்று, ஆடி மாதத்துக் கச்சான் காற்று அள்ளி வருகிற சூடும் மணலும், ஃபேனின் அச்சு வேறெப்படி இருக்கும்? கொஞ்ச நாளாக உள்ளே மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்டதுதான். வாவிக்குள் மீன் பாடுகிற ஊரில் பெட்டியும் பாடட்டும் என்று விட்டிருந்தேன். அது பாட்டில்லை, மரண ஓலம்.

இப்போது என் கோபம் ஏன் இவ்வளவு என்று விளங்கும். 5700எக்ஸ்3டி பெட்டியில் கூலர் வராது. 5600 என்பது 65 வோட் சாமான், இது 105 வோட். கடையில் இந்தப் பழைய கூலரையே தூக்கிப் புதுசின் மேல் வைக்கச் சொன்னார்கள். "இது காணும் தம்பி." காணுமாம்! புரொசசர் மெதுவாகத்தான் ஓடியது, உண்மை. ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும்.

கொழும்பிலிருந்து நல்லதாக ஒரு கூலர் எடுப்பித்து, பழைய பசையை வழித்துப் புதுத் தெர்மல் பேஸ்ட் பூசி மாட்டினேன். இப்போது இரண்டு மணித்தியாலம் ஓடினாலும் எழுபதைச் சுற்றித்தான் வெப்பம். ஒரு விக்கல் இல்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய 5600ஐ அதே கூலரின் கீழ் மாட்டியும் பார்த்தேன். 4கேயில் 61. புதியது 62. ஒரு எஃப்பிஎஸ், ஒரு மாதச் சம்பளம்! 1080பியில் புதியது நன்றாக முந்துகிறது, மறுக்கவில்லை. அதற்காக 4கே மொனிட்டரில் 1080பி பார்க்கச் சொல்கிறீர்களா?

புரொசசரைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்கக் கடைக்குப் போனேன். திறந்த சாமான், எடுக்க ஏலாது என்றார். சரி, பாவித்ததுதான், அது நியாயம். ஆனால் மனதில் இருப்பதைக் கொட்டாமல் திரும்பக் கூடாது என்று, எடுத்து வைத்திருந்த படங்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். வெப்பம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, கூலர் மாற்றிய பிறகு இவ்வளவு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினார். பிடித்துவிட்டார், இப்போது மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இங்க பாருங்க தம்பி, கார்ட் 99ல நிக்குது. இப்ப கார்ட்தான் பொட்டில்நெக். 4080 கார்ட் ஒண்டு இருக்கு, பார்ப்பமா?"